புனித வெள்ளியன்று மாரியம்மனுக்கு என்ன வேலை?

சென்னையிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து ஆறு மாதம் ஆன ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "இங்குள்ள தமிழர்கள் புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், தீ மிதிக்கிறார்கள். ஆடி மாதத்தில் 'பாரிட்ஜ் பிரேயர்' என்று மக்காச்சோள மாவில் கூழ் காய்ச்சுகிறார்கள். வேப்பிலைக்குப் பதில் ஏதோ ஒரு இலை. இது நம் மாரியம்மன் திருவிழாதானா, இல்லை கிறிஸ்தவப் பண்டிகையோடு கலந்து வேறு ஏதோ ஆகிவிட்டதா? இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?"

நம் திருவிழாதான். கிறிஸ்தவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது லீவை மட்டும்.

இதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன், உங்களைவிடக் கொஞ்சம் திமிராக. குடியாத்தம் பக்கத்துக்காரி நான். கல்யாணமாகி, டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த முதல் வருஷம் ஈஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மாமியார் வீடு முழுக்கக் கழுவிவிட்டுவிட்டு, "நாளையிலேருந்து கறி மீன் கிடையாது, அம்மா பிரேயர் வருது" என்றார். என்றைக்கு என்று கேட்டேன். "குட் ஃப்ரைடே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மா, அது ஏசு செத்த நாளாச்சே!" என்றேன். (எங்கள் வீட்டில் மாமியாரை 'மா' என்றுதான் கூப்பிடுவோம்.) அவர் தரை துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "அன்னிக்குத்தான்மா லீவு."

பதில் அதுதான். ஆனால் அந்த லீவுக்குப் பின்னால் நூற்றறுபது வருஷக் கதை இருக்கிறது. நீங்கள் அர்த்தத்தையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

மாரி என்றால் மழை. மழை இல்லாத மாதங்களில்தான் மாரியம்மனுக்குத் திருவிழா. மாசி பின்பாதியில் வெயில் ஏற ஆரம்பிக்கும், குளம் வற்றும், உடம்பில் சூடு ஏறும், அம்மை வரும். இன்றைக்குப் பெரியம்மை என்ற நோயே உலகத்தில் இல்லை. 1977இல் சோமாலியாவில் கடைசியாக இயற்கையில் ஒருவருக்கு வந்தது, 1980இல் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்தது என்று அறிவித்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கோடையும் ஒரு ஊரில் எத்தனை பிள்ளைகளை அது கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கொடுத்து, அந்த முகத்தையே அம்மா என்று கூப்பிட்டு, குளிரவைத்து அனுப்புவதுதான் இந்த வழிபாட்டின் உள்ளடக்கம். நோயைத் தருபவளும் அவள், எடுப்பவளும் அவள். அதனால்தான் அம்மை கண்ட வீட்டில் "நோய்" என்று சொல்லமாட்டோம். "அம்மா வந்திருக்கா", "முத்துப் போட்டிருக்கு" என்போம். தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, வாசலில் வேப்பிலை, இறங்கினபிறகு தலைக்குத் தண்ணீர். டர்பனில் சின்னம்மை வந்த பிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போதுகூட "மதர் வந்திருக்கு" என்கிற மாதிரிதான் சொல்வார்கள். தமிழ் போய்விட்டது, அந்த மரியாதை போகவில்லை.

சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி, பக்தர்களுக்காக அம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடப்பதும், சித்திரையில் தேரோட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பங்குனியும் சித்திரையும் அம்மன் மாதங்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் பக்கத்துக் கதை வேறொரு வாசல் வழியாக வரும். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. மனசால் ஒரு கணம் தவறினாள் என்று அவள் தலையை வெட்டச் சொல்கிறார் முனிவர். மகன் பரசுராமன் வெட்டுகிறான். அப்பா கொடுத்த வரத்தால் அம்மாவை உயிர்ப்பிக்கும்போது, அவள் தலை அவளோடு சேர்ந்து வெட்டுப்பட்ட வேறொரு தாழ்ந்த சாதிப் பெண்ணின் உடலோடு பொருந்திவிடுகிறது. குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில் வைகாசி முதல் நாள் நடக்கிற சிரசுத் திருவிழா இதுதான்: அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலில் பொருத்துவார்கள். கௌண்டன்ய நதிக்கரையில் கூட்டம் நிற்க இடம் இருக்காது. கதையின் இன்னொரு பகுதியில், கணவன் சிதையில் ரேணுகாவும் இறங்குகிறாள், இந்திரன் மழை பெய்வித்து அணைக்கிறான், உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலையை உடுத்திக்கொண்டு ஊருக்குள் வந்து பசிக்கிறது என்று நிற்கிறாள். ஊர்மக்கள் கையில் இருந்த பச்சரிசி, வெல்லம், இளநீரைக் கொடுக்கிறார்கள். தீக்கொப்புளம், வேப்பிலை, குளிர்ச்சியான உணவு, மழை எல்லாம் இந்த ஒரு கதைக்குள் இருக்கின்றன. கூழ் ஊற்றுவதற்கும் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

இனி இந்தக் கதையைத் தலையில் சுமந்துகொண்டு இங்கே வந்தவர்கள் யார் என்று பார்ப்போம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் 342 பேரை இறக்கியது. அப்போதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். அந்தத் தமிழர்களில் வட ஆற்காட்டையும் செங்கல்பட்டையும் சேர்ந்தவர்கள் நிறையப்பேர். அதாவது எங்கள் ஊர்க்காரர்கள். கெங்கையம்மன், மாரியம்மன், திரௌபதியம்மன், கூழ், தெருக்கூத்து என்று ஒரு மொத்தக் கட்டாக வழிபாடு நடக்கிற பூமி அது. இங்கே வீடுகளில் இன்றைக்கும் 'கெங்கம்மா பிரேயர்' என்று கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ வந்தவருக்கு அந்தப் பெயர் அவ்வளவாகத் தட்டாது.

கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். எஸ்டேட்டைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். வேலைக்கு வராத நாளுக்குக் கூலியும் போகும், தண்டனையும் வரும். இந்த நிலைமையில் "வைகாசி ஒன்றாம் தேதி எங்க ஊர்த் திருவிழா" என்று சர்தாரிடம் (தோட்டத்து மேஸ்திரியிடம்) போய் நிற்க முடியுமா? இந்தியர்களுக்கென்று அரசாங்கம் கொடுத்த விடுமுறை மொகரம் பண்டிகைக்குத்தான். ஆகவே இந்துக்களும் அதில் கலந்துகொண்டு கொண்டாடித் தீர்த்தார்கள். (வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது புதிதும் அல்ல, அல்லா பண்டிகையில் தீக்குழியைச் சுற்றி ஆடியவர்கள்தானே நாம்.) தீபாவளிக்கு லீவு வேண்டும் என்று உரக்கக் கேட்க 1908இல் டர்பன் வந்து இறங்கிய சுவாமி சங்கரானந்தர் வரைக்கும் காத்திருக்கவேண்டியிருந்தது. தீபாவளி இன்றைக்கும் இந்த நாட்டில் பொது விடுமுறை இல்லை என்பது தனிக் கதை.

மிஞ்சியது முதலாளியின் பண்டிகை. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டர் திங்களுக்கும் தோட்டம் மூடும். நடுவில் ஞாயிறு எப்படியும் ஓய்வு. சேர்ந்தாற்போல சில நாள் மூச்சு விடலாம். இன்னொரு விஷயமும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை: நேட்டாலில் (டர்பன் இருக்கிற மாகாணத்தின் அன்றைய பெயர்) கரும்பு அரைக்கும் பருவம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். ஈஸ்டர் வருவது ஆலை புகைய ஆரம்பிக்கிற வேளையில். ஒன்பது மாதம் முதுகொடிவதற்கு முன்னால் அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அதைவிடத் தோதான நேரம் கிடையாது. இது என் ஊகம்தான், ஆனால் உழவு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

இப்போது முன்னால் நினைவில் வைக்கச் சொன்னதை எடுங்கள். ஈஸ்டர் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. ஆகவே புனித வெள்ளி மார்ச் 20க்கும் ஏப்ரல் 23க்கும் நடுவில்தான் வரும். நம் கணக்கில் பங்குனி ஏழாம் தேதியிலிருந்து சித்திரை பத்தாம் தேதிக்குள். அதுவும் பௌர்ணமியை ஒட்டி, அதுவும் வெள்ளிக்கிழமை! அம்மனுக்கு உகந்த மாதம், உகந்த கிழமை, நிறைந்த நிலா. 2023இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 5, புனித வெள்ளி ஏப்ரல் 7. 2024இல் உத்திரம் மார்ச் 25, புனித வெள்ளி மார்ச் 29. 2022இல் சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாளே புனித வெள்ளி. சில வருஷம் நாலைந்து நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் லீவு விட்ட நாளை எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. எடுத்துக்கொண்ட நாள் பஞ்சாங்கத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது என்பதும் உண்மை. பஞ்சாங்கம் கையில் இல்லாத தலைமுறைகளிலும், அந்த லீவைப் பிடித்துக்கொண்டிருந்ததாலேயே பங்குனி கைநழுவாமல் இருந்திருக்கிறது.

ஆனாலும் இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த குருக்கள் ஒருவர் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில், "இதெல்லாம் ஆகமத்தில் இல்லை, நாளை மாற்றுங்கள்" என்று கமிட்டியிடம் சண்டை பிடித்தார். கமிட்டிக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் புனித வெள்ளியன்றுதான் நடந்தது. எனக்கு அந்தக் குருக்கள்மேல் கோபமில்லை. ஆனால் கிராமத்து மாரியம்மன் கோயிலில் ஊர் கூடி, மழையையும் அறுப்பையும் பார்த்து நாள் குறிப்பதுதான் வழக்கம். ஊருக்குத் தோதான நாளே அம்மன் நாள். அந்த வழக்கத்தைத்தான் இங்குள்ளவர்கள் அப்படியே செய்திருக்கிறார்கள்.

டர்பனில் இருக்கிறீர்கள் என்றால் ஒருமுறை இசிப்பிங்கோ ரெயில் மாரியம்மன் கோயிலுக்குப் புனித வெள்ளியன்று போய்ப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் போய்விட வேண்டும். பிறகு போனால் வரிசையிலேயே மதியம் ஆகிவிடும். மஞ்சள் புடவைப் பெண்கள், தலையில் பால்செம்பு, கையில் தேங்காய், சூடம், எலுமிச்சை. நேர்த்திக்கடனுக்குக் கோழி தூக்கி வருபவர்களும் உண்டு. பக்கத்திலேயே ஜீன்ஸ் போட்ட பையன்கள் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேண்டுதல்கள் நம் ஊர் வேண்டுதல்கள்தான்: பிள்ளை வரம், வேலை, குடிகாரப் புருஷன், கோர்ட்டுக் கேஸ். மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் ஈஸ்டரை ஒட்டி அம்மன் திருவிழா பெரிதாக நடக்கும். அதுவும் ஒரு சர்க்கரை எஸ்டேட்டுக் கோயில்தான். அங்கேயே 1898இல் கிருஷ்டப்ப ரெட்டி என்ற கோயில் கட்டும் கலைஞர் எழுப்பிய கணேசர் கோயிலும் இருக்கிறது, அப்படியே பார்த்துவிட்டு வரலாம்.

தீமிதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிவ சுப்பிரமணியர் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று நடப்பது பெயர்போனது. டர்பனில் கேட்டோ மேனர் பக்கம் இருக்கிற அம்பலவாணர் ஆலயத்திலும் தீமிதி உண்டு. அந்த ஆலயம் முதலில் 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்தது. 1905 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. பிறகு இடம் மாற்றிக் கட்டினார்கள். சுற்றிலும் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை இனவாரியாக மக்களைத் தனித்தனிப் பகுதிகளில் பிரித்துவைத்த 1950ஆம் வருஷத்துக் குழுப் பகுதிச் சட்டம் பெயர்த்துப் போட்டது. அறுபதுகளில் அவர்களை லாரியில் ஏற்றி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். என் கணவரின் தாத்தா குடும்பமும் அப்படி வந்ததுதான். வீடு போனது, தெரு போனது, கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. ஆகவே தீமிதி அன்றைக்கு சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டோ மேனருக்குப் போகிற கார்களுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவகையில் ஊர்த்திருவிழாவுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள்.

தீமிதியின் அர்த்தம் திரௌபதியோடு சேர்ந்தது. பாரதப் போர் முடிந்து, சபதம் நிறைவேறி, கூந்தல் முடித்து, தன் கற்பை நிரூபிக்கத் தீயில் இறங்கினாள் என்பது செஞ்சி வட்டாரத்துக் கதை. அந்த வட்டாரத்தில் தீமிதிக்கு முன்னால் பல இரவுகள் பாரதக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் எல்லாம் முடிந்தபிறகுதான் தீக்குழி. நேட்டாலுக்குக் கூத்தும் கூடவே வந்தது. இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெருக்கூத்தை இப்படிக்கூடச் சொல்லலாமா என்று முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பிடித்துப்போய்விட்டது. விரதம் பத்து நாள், கையில் மஞ்சள் காப்பு, ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து எடுத்துவருவது, உடுக்கைச் சத்தம், சாமி வந்து ஆடுவது எல்லாம் எங்கள் ஊரில் பார்த்ததுதான். கால் ஏன் சுடுவதில்லை என்று கேட்பீர்கள். தணலின்மேல் படிந்த சாம்பல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், நிற்காமல் நடந்தால் கால் படுகிற நேரம் மிகக் குறைவு. இயற்பியல் படித்தவர்கள் அப்படித்தான் விளக்குகிறார்கள். என் கொழுந்தனார் பதினெட்டு வருஷமாக மிதிக்கிறார். அவரிடம் இந்த விளக்கத்தைச் சொன்னேன். "சரி அண்ணி, அடுத்த வருஷம் நீங்க இயற்பியலை நம்பி நடங்க" என்றார்.

ஆடிக்கூழுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் ஊரில் கேழ்வரகு மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்து, அரிசி நொய்யை வேகவிட்டு அதில் ஊற்றிக் கிண்டி, மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைப்போம். இங்கே மா செய்வதைச் சொல்கிறேன். புதன்கிழமை ராத்திரி பெரிய அலுமினிய அண்டாவில் மக்காச்சோள மாவை ('மீலி மீல்' என்றால்தான் கடையில் தெரியும்) தண்ணீரில் கரைத்துத் துணி கட்டி மூடிவைப்பார். ஆடி என்றால் இங்கே ஜூலை, ஆகஸ்ட். நல்ல குளிர்காலம். குளிரில் மாவு புளிக்காது. அதனால் அண்டாவைச் சுற்றி ஒரு பழைய கம்பளியைச் சுற்றி, ஹாட் வாட்டர் சிலிண்டர் இருக்கிற அலமாரிக்குள் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமை காலையில் துணியை அவிழ்த்தால் அந்தப் புளிச்ச வாசனை வீடெங்கும் பரவும். என் மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவான். வாசலில் மூன்று செங்கல் வைத்து விறகடுப்பு. கேஸ் அடுப்பு இருந்தாலும் அம்மன் கூழ் விறகில்தான். நீளமான மரத்துடுப்பால் மா கிண்டிக்கொண்டே இருப்பார். "கட்டி தட்டினா அம்மா கண்ணுல படும்" என்று சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை எனக்குச் சொன்னதில்லை. இறக்கி ஆறவைத்து 'மாஸ்' ஊற்றுவார். கடைகளில் கிடைக்கும் புளித்த பால்; இந்த மண்ணின் சூளு மக்கள் 'அமாசி' என்பார்கள், நம் தயிருக்கும் மோருக்கும் நடுவில் ஒரு பதம். பக்கத்து வீட்டு சூளு அம்மாள் முதல் தடவை எங்கள் கூழைக் குடித்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் வீட்டுக் கஞ்சியாயிற்றே என்று சிரித்தார். அவர்களும் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துத்தான் காய்ச்சுகிறார்கள்.

கேழ்வரகு ஏன் மக்காச்சோளமாக மாறியது? தோட்டத்து ரேஷனில் அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு கொடுத்தார்கள். அரிசிக்குப் பதிலாகப் பல சமயம் மக்காச்சோள மாவு. கையில் எது இருந்ததோ அது அம்மனுக்கு. ரேணுகாவுக்கு அந்த ஊர்மக்களும் கையில் இருந்ததைத்தானே கொடுத்தார்கள்? இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேழ்வரகு நம் தானியம், மக்காச்சோளம் ஆப்பிரிக்கத் தானியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேழ்வரகுதான் ஆப்பிரிக்காவில், எத்தியோப்பியா உகாண்டா மேட்டுநிலத்தில் பிறந்து பல ஆயிரம் வருஷம் முன்பு நம்மிடம் வந்த பயிர். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆகவே "அசல் கூழ்" என்று யாராவது உங்களிடம் பேசினால் கொஞ்சம் சிரித்துவைக்கலாம்.

வெயிலைத் தணிக்கிற கூழைக் குளிர்காலத்தில் குடிக்கிறோமே என்றும் கேட்கலாம். பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் வந்தபிறகு மாதங்கள் எல்லாம் தலைகீழ். பங்குனி இங்கே கோடை முடிகிற நேரம், ஆடி குளிர். அம்மனின் மாதம் வெயிலைவிட்டு விலகிவிட்டது, ஆடி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். ஜூலைக் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சில்லென்று ஒரு டம்ளர் புளித்த கூழைக் கையில் வாங்கிக் குடிக்கும்போது பல் கூசும். யாரும் சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்டதில்லை.

நீங்கள் பார்த்த இலை 'சிரிங்கா'. நம் ஊர் மலைவேம்புக்கு நெருங்கிய சொந்தம், வேம்பின் குடும்பத்து மரமே. இலையைப் பார்த்தால் வேப்பிலைக்குத் தங்கை மாதிரி இருக்கும், ஆனால் கசப்பு குறைவு, காய் விஷம். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். வேப்பமரம் கிடைக்காத இடத்தில் வந்து இறங்கியவர்கள் கண்ணுக்குத் தெரிந்த உறவைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு அரசாங்கம் சிரிங்காவை அத்துமீறிப் பரவும் அந்நிய மரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆடியில் இன்னொரு சிக்கல்: அது இலையுதிர்க்கும் மரம். ஜூலையில் மஞ்சள் காய்க்கொத்து மட்டும் தொங்க மொட்டையாக நிற்கும். எங்கேயாவது சுவரோரம் இலை மிஞ்சிய மரம் எது என்று தெருவுக்கே தெரியும், விடிகாலையில் ஒடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது சிலர் வீட்டில் வேப்பங்கன்று வைத்து வளர்க்கிறார்கள். எங்கள் கொல்லையிலும் ஒன்று இருக்கிறது, இடுப்பளவு. மா அதைத் தொடமாட்டார். "அது உன் ஊர் மரம், நீ கட்டு" என்று என்னிடம் விட்டுவிட்டு, தான் சிரிங்காவைத் தேடிப் போவார். அவருடைய ஆயா கட்டியது அதுதானாம்.

கிறிஸ்தவக் கலப்பு பற்றிய சந்தேகத்துக்கு இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீட்டிலேயே பெரிய நாத்தனார் குடும்பம் சபைக்குப் போகிறது. புனித வெள்ளி காலையில் ஒரே தெருவில் ஒரு கார் சர்ச்சுக்கும் இன்னொரு கார் கோயிலுக்கும் கிளம்பும். சாயங்காலம் எல்லோரும் மா வீட்டில்தான் சாப்பாடு. நாத்தனார் பிரசாதத்தைத் தொடமாட்டார், மற்றபடி எல்லாம் சாப்பிடுவார். முதல் சில வருஷம் அது மாவுக்குப் பெரிய வருத்தம். இப்போது பிரசாதத்தைத் தனித் தட்டில் வைத்துவிட்டு, "உனக்கு இந்தப் பக்கம்" என்று கைகாட்டுவதோடு சரி. கலப்பு என்று பார்த்தால் அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது. கோயிலுக்குள் சிலுவையும் இல்லை, ஈஸ்டர் முட்டையும் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது நாளும் இலையும் மாவும் அல்ல, பாட்டு. ராத்திரி அம்மன் தாலாட்டு பாடுவார்கள், ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து. 'ழ' வராது, 'ள'வும் 'ல'வும் ஒன்றாகிவிடும், சில வரிகள் என்ன சொல்கின்றன என்று பாடுபவருக்கே தெரியாது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் ஆறாவது பிரிவில் தமிழின் பெயரைச் சொல்லி, அதை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுத்தில் இருக்கிறது. நான் சனிக்கிழமை வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் பதினொன்று. ஆனால் மா அந்தத் தாலாட்டை மனப்பாடமாகப் பாடுகிறார், புத்தகம் இல்லாமல். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அச்சில் இல்லாத நாலைந்து வரி அதில் இருந்தது, எங்கள் பாட்டி பாடி நான் கேட்டவை. கௌண்டன்ய ஆற்றங்கரையிலிருந்து கப்பலேறி வந்து, ஒரு பள்ளிக்கூடத்தையும் பார்க்காமல் ஐந்து தலைமுறை தாண்டி, தையல் மிஷின் வேலை பார்த்த என் மாமியாரின் வாயில் உட்கார்ந்திருக்கின்றன.

நீங்கள் டர்பனில்தான் இருக்கிறீர்கள் என்பதால் ஒரு விஷயம். ஆடி வெள்ளியோ ஞாயிறோ எந்தத் தெருவில் விறகுப்புகை வந்தாலும் தயங்காமல் உள்ளே போகலாம், தமிழ் பேசினால் கூடுதல் மரியாதை கிடைக்கும். செருப்பை வாசலில் விடுங்கள். கையோடு ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா எடுத்துப்போங்கள், இரண்டு லிட்டர். டம்ளரில் குடித்துவிட்டுக் கிளம்ப விடமாட்டார்கள், வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கூழ் காரில் கொட்டினால் வாசனை ஒரு மாதம் போகாது.